சம்மாட்டியாரின் அறக்குளா

சம்மாட்டியார் எங்கள் கோயிலில் முதல் வரிசை வாங்கில் உட்கார்ந்து பூசை காண்பவர். அம்மா அவருக்குச் சில வாங்குகள் தள்ளிப் பின்னால் முழந்தாளிட்டு, அவர் நாசமாய்ப் போகவேண்டும் என்று அந்தோனியாரிடம் மன்றாடுபவர். இதை அம்மா ஒளித்துச் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுதிரி கொளுத்தும்போது என்ன நேர்த்தி என்று யாராவது கேட்டால், "உவன் விழவேணும்" என்று மட்டும் சொல்வார். உவன் யாரென்று எங்கள் ஊரான குருநகரில் எல்லோருக்கும் தெரியும். அப்படி மன்றாடுவது பாவம் என்று பங்குச் சுவாமியார் ஒருமுறை கண்டித்தபோது, "அப்ப ஏலாதெண்டு அந்தோனியார் சொல்லட்டும் சுவாமி" என்று சொல்லிவிட்டு வந்தவர் அம்மா.

சம்மாட்டியாருக்குத் தோணிகளும் வலைகளும் இருந்தன. கடற்கரையில் ஒரு வாடியும் இருந்தது. தடித்த சுவர் வைத்த அந்த அறைக்குள் மரத்தூளும் ஐஸும் போட்டு மீனை வைத்திருந்து, விலை ஏறும்போது வெளியே எடுப்பார். அப்பா அவருடைய தோணியில், பிடிபடும் மீனில் ஒரு பங்குக்குத் தொழிலுக்குப் போனவர். அம்மா காலையில் கரையில் ஏலத்தில் மீன் எடுத்து, பனையோலைக் கடகத்தில் வைத்து, பஸ்ஸின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு சாவகச்சேரிச் சந்தைக்குப் போவார். சந்தையில் மற்றவர்களிடம் மீன் இருந்தாலும் அம்மாவின் கடகம் இறங்கும்வரை நின்று வாங்கிப்போகும் வீடுகள் இருந்தன. அம்மா மீனைப் பார்க்கும் விதம் அப்படி. செவுளைத் தூக்குவார், கண்ணைப் பார்ப்பார், பெருவிரலால் முதுகில் ஒருதரம் அழுத்துவார். அதற்குப் பிறகு அந்த மீனைப்பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது சாவகச்சேரியில் வசதியான ஒரு வீட்டில் கலியாணம் நடந்தது. நாலாம் நாள் சடங்குக்கு மீன் கறியோடு மச்சச் சாப்பாடு. அறக்குளா வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். அந்தக் கிழமை கடல் சரியில்லை. கரைக்கு வந்த மீன் போதாது. அம்மா சம்மாட்டியாரிடம் போனார். அவர் வாடிக்குள்ளிருந்து பெரிய அறக்குளாக்களாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். அம்மா வழக்கம்போல ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். செவுள் சிவப்பாக இருந்தது. தசை இறுகி இருந்தது. மணம் கடல் மணம்தான். மனம் நிறைந்து கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்று மத்தியானம் அந்த வீட்டில் சாப்பிட்டவர்களுக்குப் பந்தியிலேயே உதடு எரியத் தொடங்கியது. பிறகு முகமும் கழுத்தும் சிவந்து, தலை இடித்து, வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்தார்கள். மாப்பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒருவரும் சாகவில்லை. மறுநாள் எல்லோரும் எழும்பி நடமாடினார்கள். ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னால் பெண் வீட்டுக்காரர் தலைகுனிந்து போனார்கள். அதற்குப் பழிசொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது.

அடுத்த நாள் நான் அம்மாவோடு சந்தைக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூட விடுமுறை. சந்தைக்குப் பக்கத்தில் தைக்கக் கொடுத்த என் சட்டையைப் போகிற வழியில் வாங்கிக்கொண்டோம். அம்மா கடகத்தை இறக்கி முடியவில்லை, பெண்ணின் தாய்மாமன் ஆட்களோடு வந்தார். கடகத்தைக் காலால் தட்டிக் கவிழ்த்தார். மீன் மண்ணில் சிதறியது. அம்மா பயப்படவில்லை. அது சம்மாட்டியாரிடம் வாங்கிய மீன், அவரையே கேளுங்கள் என்றார். சம்மாட்டியாரும் அங்கே நின்றார். தன் பெயர் அடிபடுவது தெரிந்து, வாடகைக் கார் பிடித்து முதலே வந்திருந்தார்.

அவர் சொன்னது ஒரு சொல்லும் மாறாமல் எனக்கு இன்றைக்கும் தெரியும்.

"என்னட்டை வாங்கினது வேறை மீன். இவள் பழசைக் கலந்து வித்திருக்கிறாள். இவளின்ரை புருசன் என்ரை தோணியிலதான் வாறவன். வேணுமெண்டால் அவனைக் கேளுங்கோ."

அப்பா அப்போது கடலில் இருந்தார். கேட்பதற்கு ஆளில்லை. தாய்மாமன் குனிந்து, மண்பட்டு நசுங்கிய மீனை அள்ளி அம்மாவின் முகத்தில் பூசினார். கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் அழுத்திப் பூசினார். அம்மா கையைத் தூக்கவில்லை. சம்மாட்டியார் தன் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காரை நோக்கி நடந்தார். நான் என் புதுச் சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சட்டையை நான் பிறகு போடவேயில்லை.

வழியில் ஒரு கிணற்றடியில் அம்மாவுக்குத் தண்ணீர் அள்ளி ஊற்றினேன். பஸ்ஸில் வரும்போது அம்மா ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"மீன் நல்ல மீன், பிள்ளை. நான் பாத்துத்தானே எடுத்தனான்."

அன்றோடு அம்மா சந்தைக்குப் போவதை விட்டார். வீட்டில் கருவாடு போட்டு விற்றார். அது பரவாயில்லை, எத்தனையோ பேர் அப்படிச் சீவித்தார்கள். அம்மாவின் கைக்கு வந்த கேட்டைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கள் வீட்டுக் கறிக்கு எடுத்த மீனைக்கூட அம்மா குசினியில் வைத்துச் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், வைப்பார், திரும்பவும் தூக்குவார். மணந்து பார்ப்பார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீயும் ஒருக்கா மணந்து பார்" என்பார். யாழ்ப்பாணத்தில் மீனைப்பற்றி ஆரிடமும் கேட்கத் தேவையில்லாத ஒரு மனுசி, மீன் மணம் தெரியாத ஒரு சின்னப் பெட்டையிடம் கேட்டுக்கொண்டு நின்றார். அப்போதுதான் நான் சம்மாட்டியாரை வெறுக்கத் தொடங்கினேன். சந்தையில் எனக்குப் பயம்தான் இருந்தது. வெறுப்பு வந்தது எங்கள் குசினியில்.

படிப்பு எனக்கு ஓடியது. கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்து, மலைநாட்டுப் பக்கம் இருந்த பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டேன். அங்கே ஒருநாள் விரிவுரை நொதியங்களைப்பற்றி நடந்தது. உயிருள்ள பொருட்களில் ஒன்றை இன்னொன்றாக மாற்றிவிடும் புரதங்களுக்கு அந்தப் பெயர். விரிவுரையாளர் போகிறபோக்கில் ஒரு உதாரணம் சொன்னார். சூரை, அறக்குளா போன்ற மீன்களின் தசையில் இயற்கையாகவே ஹிஸ்ரிடின் என்ற பொருள் நிறைய உண்டு, அது தீங்கில்லாதது. மீன் செத்தபிறகு வெயிலில் கிடந்தால், செவுளிலும் குடலிலும் உள்ள நுண்ணுயிர்கள் ஒரு நொதியத்தை உண்டாக்கும். அந்த நொதியம் ஹிஸ்ரிடினை ஹிஸ்ரமினாக மாற்றும். அது நஞ்சு. சமைத்தாலும் போகாது. ஐஸில் போட்டால் மேலும் கூடுவது நிற்கும், ஆனால் உண்டானது அப்படியே இருக்கும். மீன் பார்வைக்கும் மணத்துக்கும் நல்ல மீனாகவே இருக்கலாம். சாப்பிட்டவருக்கு உதடு எரியும், முகம் சிவக்கும்.

என் பேனை நின்றுபோனது. பக்கத்தில் இருந்தவள் ஏனென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. ஒரு மரத்தடியில் போயிருந்து, முதல்தடவையாக அந்தச் சந்தையை நிதானமாக நினைத்துப் பார்த்தேன்.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கேட்டேன். அந்த அறக்குளாக்களை ஐஸில் வைத்தது எப்போது என்று. அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். விடியத் தோணியிலிருந்து இறக்கிய மீன். ஐஸ் லொறி வரவில்லை. சம்மாட்டியார் மீனை விற்க விடவில்லை, விலை ஏறும் என்று வைத்திருந்தார். மத்தியானம் திரும்பும்வரை மீன் வெயிலில் கிடந்தது. பிறகுதான் ஐஸ் வந்தது. மீனைக் கழுவி உள்ளே அடுக்கியவர்களில் அப்பாவும் ஒருவர்.

"வாயைத் துறந்திருந்தால் அடுத்த நாள் எனக்குத் தோணியில இடமில்லை. நீ அப்ப படிச்சுக்கொண்டிருக்கிறாய்" என்றார்.

அம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சோற்றைப் போட்டு அவருக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார். அப்பா அடுத்த வருடம் காய்ச்சலில் செத்துப்போனார். அவரை நான் மன்னித்துவிட்டேன். மன்னிப்பு என்னிடம் கொஞ்சம்தான் இருந்தது. அது அவரோடு முடிந்துபோனது.

எழுபதுகளின் நடுவில் வட்டுக்கோட்டையில், பழைய கல்லூரிக் கட்டடங்களில் விஞ்ஞான வகுப்புகள் தொடங்கியபோது எனக்கு அங்கே உதவி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. குருநகரிலிருந்து பஸ்ஸில் போய்வந்தேன். ஆய்வுகூடத்தில் குழாயில் தண்ணீர் வராத நாட்களும் மின்சாரம் நிற்கும் நாட்களும் உண்டு. ஆனால் வெளிநாட்டு உதவியாக ஒரு புளோரோமீற்றர் வந்து, பெட்டி பிரிக்காமல் கிடந்தது. சில பொருட்களில் ஊதாக் கடந்த ஒளியைப் பாய்ச்சினால் அவை நீலமாகத் திருப்பி ஒளிரும். அந்த ஒளி எவ்வளவு என்பதை இந்தக் கருவி ஒரு முள்ளால் காட்டும். கண்ணுக்கே தெரியாத அளவுப் பொருளையும் அது கண்டுபிடிக்கும். அதைக்கொண்டு என்ன ஆராய்ச்சி செய்யப் போகிறாய் என்று எங்கள் துறைத் தலைவர் கேட்டார். மீன் கெடுவதைப்பற்றி என்றேன். ஊருக்கு உபயோகமான விஷயம் என்று அவருக்குச் சந்தோஷம்.

ஆய்வுகூட உதவியாளர் கோப்பாய்க்காரர். பரம்பரைச் சைவம். மீன் மணமே ஆகாது. துவாயால் மூக்கைக் கட்டிக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, மீன் தசையை அரைத்துத் தருவார். வீட்டுக்குப் போக முன் கிணற்றடியில் குளிப்பார். ஆனாலும் ஒருநாளும் வேலையை விட்டு ஓடவில்லை. அரைத்த தசையை அமிலத்தில் கலந்து வடித்து, அந்தச் சாறை, பிசின் மணிகள் நிரப்பிய ஒடுங்கிய கண்ணாடிக் குழாயில் துளித்துளியாக இறக்குவோம். மற்றவையெல்லாம் ஓடிப்போகும், ஹிஸ்ரமின் மணிகளில் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு வேறொரு அமிலத்தை ஊற்றி அதைத் தனியே கழுவி எடுப்போம். அதோடு ஒரு மருந்தைச் சேர்த்தால் அது நீலமாக ஒளிரத் தயார். யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, கருவிக்கு முன்னால் இருந்து முள்ளைப் பார்ப்பேன். பழகுவதற்கு மாதக்கணக்காகியது. கரையில் வாங்கிய மீனை வேண்டுமென்றே வெயிலில் வைத்து, நேரத்துக்கு நேரம் நஞ்சு ஏறுவதை அளந்து பழகினேன். எல்லாம் தயாராக இருந்தது. சம்மாட்டியாரின் மீனை எப்படி இந்த மேசைக்குக் கொண்டுவருவது என்பதுதான் தெரியவில்லை.

அவரே கொண்டுவந்தார்.

ஒருநாள் காலையில் கார் ஒன்று வந்து நின்றது. வெள்ளை வேட்டியும் சால்வையுமாகச் சம்மாட்டியார் இறங்கினார். கொழும்பில் ஒரு கொம்பனி தன்னிடம் மீன் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறது. மீன் சுத்தமானது என்று விஞ்ஞானம் படித்தவர்களிடம் அத்தாட்சி கேட்கிறார்கள் என்றார். துறைத் தலைவர் அவரை என்னிடம் கூட்டிவந்தார். சம்மாட்டியார் என்னை உற்றுப் பார்த்து, இன்னாரின் மகளல்லவா என்று கண்டுபிடித்தார். அப்பா நல்ல மனிசன் என்று சொன்னார். என் மேசையில் ஒரு பொதி இறால் வைத்தார். பிறகு கேட்டார்.

"கொம்மா சுகமோ பிள்ளை? முந்திச் சாவகச்சேரிப் பக்கம் யாவாரத்துக்குப் போறவா. ஏன் விட்டவா?"

நடிக்கிறாரோ என்று அவருடைய முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே கேட்டார். அவருக்கு அது நினைவில் இல்லை. என் அம்மாவின் முகத்தில் பூசப்பட்ட மீன் அவருக்கு ஒரு காலை நேரத்து அலுவல், முடித்துவிட்டுக் காரில் ஏறிப்போனார், அவ்வளவுதான். பொய் சொன்னதைக்கூட ஒருவேளை நான் பொறுத்திருப்பேன். மறந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. அம்மாவுக்கு இப்போது ஏலாது என்று சொல்லி, அவர் கொண்டுவந்த மீனை வாங்கி வைத்தேன். இறாலைத் துறைத் தலைவர் கொண்டுபோனார்.

அந்த மீனை எவ்வளவு ஆசையோடு அரைப்பித்தேன் தெரியுமா? முள் அசையவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த ஹிஸ்ரமின் கரைசல் பளிச்சென்று நீலமாக நின்றது. அவருடைய மீனின் சாறு இருட்டாகவே இருந்தது. திரும்பச் செய்தேன். அதே இருட்டு. அன்று காலை பிடித்த, திறமான மீனாகப் பார்த்துப் பொறுக்கிக் கொண்டுவந்திருக்கிறார். நான் அவருக்கு நல்ல அத்தாட்சி எழுதிக் கொடுக்க வேண்டிய நிலைமை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே, "கெட்ட மீன் எண்டு எழுதிவிடு" என்றார்.

"ஏலாதம்மா."

"ஏன் ஏலாது? ஆருக்குத் தெரியப்போகுது?"

"அவன் பொய் சொல்லி உங்களை விழுத்தினவன். நானும் பொய் சொல்லி அவனை விழுத்தினால் அது எனக்குக் காணாது. அவன்ரை மீனாலயே அவன் விழவேணும்."

அம்மா கையிலிருந்த கருவாட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் மகள் பரவாயில்லை என்பதுபோல ஒரு பார்வை. படித்துப் பட்டம் வாங்கியபோதுகூட அப்படிப் பார்த்ததில்லை.

சம்மாட்டியாருக்குச் சொல்லியனுப்பினேன். மீனின் உரிமையாளர் தன் கையால் கொண்டுவருவதை வைத்து அத்தாட்சி எழுத முடியாது, நாங்களே வாடிக்கு வந்து நினைத்த நாளில் எடுக்கவேண்டும் என்று. அது நியாயமான விதிதான். துறைத் தலைவரும் ஒப்புக்கொண்டார். சம்மாட்டியார் கோயில் வாசலில் என்னைக் கண்டு சிரித்தார். எந்த நாள் வேண்டுமென்றாலும் வா பிள்ளை, உள்ளே கிடப்பதெல்லாம் அதே மீன்தான் என்றார்.

அதன்பிறகு அம்மா கடற்கரைக்குப் போகத் தொடங்கினார். கருவாட்டுக்கு மீன் பார்க்கிற சாட்டு. ஆனால் வலை பொத்தும் இடத்தில் நிழலாகப் பார்த்து இருந்துகொண்டு, சம்மாட்டியாரின் தோணிகள் எப்போது வருகின்றன, ஐஸ் லொறி எப்போது வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். அம்மாவின் முகத்தில் பழைய வேகம் திரும்பியது. பல நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. ஐஸ் ஒழுங்காக வந்தது. பிறகு ஒருநாள் நான் வேலை முடிந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது அம்மா தரிப்பிடத்தில் காத்து நின்றார்.

"விடியக் காலமை வந்த அறக்குளா. ஐஸ் இல்லை. பின்னேரம் வரைக்கும் வெயிலுக்கை கிடந்தது. இப்பதான் கழுவி உள்ளை அடுக்கிறாங்கள். நாளைக்குக் காலமை வா."

காலையில் உதவியாளரைக் கூட்டிக்கொண்டு ஐஸ் பெட்டிகளோடு வாடிக்குப் போனேன். சம்மாட்டியார் சிறிதும் தடுமாறவில்லை. தன் ஆட்களை விலகி நிற்கச் சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கியது: தான் பிழை செய்வதாக அவர் நினைத்ததே இல்லை. ஐஸில் வைத்தால் மீன் நல்ல மீன், அவ்வளவுதான் அவருடைய கணக்கு. நான் முதல்நாள் பின்னேரம் அடுக்கிய அறக்குளாக்களில் சிலவற்றை எடுத்தேன். அம்மாவும் வாசலுக்கு வந்திருந்தார். ஒரு மீனைத் தூக்கிச் செவுளைப் பார்த்தார், பெருவிரலால் அழுத்தினார், மணந்தார். என் காதருகே வந்து, "என்ரை கை இதை நல்ல மீன் எண்டுதான் சொல்லுது" என்றார்.

அன்று மின்சாரம் நிற்கவில்லை. குழாயின் அடியில் துளிகள் விழ விழ நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மருந்தைச் சேர்த்து, கறுப்புத் துணியை இழுத்துவிட்டு, ஊதா விளக்கைப் போட்டேன். கருவிக்குள் வைக்க முன்னமே, கையில் பிடித்திருந்த குழாய் நீலமாக எரிந்தது. உள்ளே வைத்தபோது முள் அளவுகோலின் கடைசிக்குப் போய் இடித்துக்கொண்டு நின்றது. தண்ணீர் விட்டுப் பலமடங்கு ஐதாக்கித்தான் அளக்க முடிந்தது. அதோடு விடவில்லை. நஞ்சு வெளியாலிருந்து வந்தது என்று யாரும் சொல்லக்கூடாது. அதே தசையில் கொஞ்சத்தை எடுத்து, ஹிஸ்ரிடின் சேர்த்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து, இடைக்கிடை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அளந்தேன். நொதியம் அந்த மீனுக்குள் உயிரோடு இருந்து வேலை செய்துகொண்டிருந்தது. ஒவ்வொரு குழாயும் முதல் குழாயைவிடக் கூடுதலாக ஒளிர்ந்தது. ஐஸில் வைத்த மற்றப் பாதி அப்படியே நின்றது. குழாய்களை வரிசையாக நிறுத்தி ஊதா விளக்கைப் பிடித்தபோது, மங்கலிலிருந்து பிரகாசம்வரை ஒரு படிக்கட்டுப்போல நீலம் ஏறிக்கொண்டு போனது. கோப்பாய்க்காரர் மூக்குத் துவாயை அவிழ்த்துவிட்டு, "வடிவாயிருக்கு மிஸ்" என்றார். ஓம் என்றேன். என் வாழ்க்கையில் அதைவிட வடிவான ஒன்றை நான் பார்த்ததில்லை. சந்தையில் நின்ற அந்தத் தாய்மாமனையும் சம்மாட்டியாரையும் அந்த இருட்டறைக்குள் கழுத்தில் பிடித்து இழுத்துவந்து காட்டவேண்டும்போல இருந்தது.

துறைத் தலைவர் அறிக்கையைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். ஊரில் பெரிய மனிதர், முதல் மீனின் முடிவை மட்டும் கொடுத்துவிட்டு இதை அமைதியாக அவருக்குச் சொன்னால் என்ன என்றார். நான் மிச்சத் தசையை அவருடைய மேசையில் வைத்து, நீங்களே செய்து பாருங்கள் என்றேன். அவர் நேர்மையான மனிதர், தானே செய்தார். முள் அதே இடத்துக்குப் போனது. கையெழுத்து வைத்தார். அறிக்கை கொழும்புக் கொம்பனிக்குப் போனது, பிரதியொன்று சுகாதாரப் பரிசோதகருக்கும் போனது.

பரிசோதகர் வந்து வாடியைத் திறப்பித்தார். மீனையெல்லாம் வெளியே இழுத்து, கடற்கரையில் கிடங்கு வெட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைத்தார்கள். ஊரே கூடி நின்றது. அம்மாவும் நானும் முன்னுக்குப் போய் நின்றோம். சம்மாட்டியார் தன் வாடி வாசலில் கதிரையில் இருந்தார். சால்வை மடியில் கிடந்தது. பரிசோதகர் வாடிக்குப் பூட்டுப் போட்டார். கொம்பனி வேறு இடம் பார்த்துக்கொண்டது.

எல்லாம் எங்களுக்கு இனித்தது என்று சொல்லமாட்டேன். வாடி பூட்டிக் கிடந்த நாட்களில் சின்னத் தொழிலாளிகளின் மீனை வைக்க இடமில்லாமல் போனது. கரையில் சில பெண்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பினார்கள். ஒருநாள் எங்கள் படலை வாசலில் மீன் குடலைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா ஈர்க்குமாற்றை எடுத்துவந்து கூட்டித் தள்ளிவிட்டுக் கோயிலுக்குப் போனார்.

பிறகு சம்மாட்டியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் விறாந்தையில் வினாத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கதிரை கொடுத்தேன். ஏதோ பிழை நடந்திருக்கிறது, இன்னொருமுறை பார்த்து நல்லதாக எழுதித் தா என்று கேட்டார். முன்பைப்போல அதிகாரமாக அல்ல, கெஞ்சலாக. நான் பதில் சொல்ல முன் அம்மா உள்ளேயிருந்து வந்தார். வழக்கமாக அவருக்கு முன்னால் நிற்கும் அம்மா, அன்று எதிரே இருந்த வாங்கில் இருந்தார்.

"சாவகச்சேரி ஞாபகமிருக்கோ?"

அவருக்கு விளங்கவில்லை. அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். கலியாண வீடு, அறக்குளா, அவர் சொன்ன சொல், முகத்தில் பூசியது. குரலை உயர்த்தவில்லை. சம்மாட்டியார் கேட்டுக்கொண்டிருந்தார். நெற்றியைச் சுருக்கினார். அவருக்கு மெதுவாக ஏதோ தெரிந்திருக்கவேண்டும்.

"அது எத்தினை வருசம். உதையெல்லாம் ஆர் நினைச்சுக்கொண்டிருக்கிறது?" என்றார்.

"நான்" என்றார் அம்மா. "நீர் சந்தைக்கு வாரும். ஆக்கள் நிக்கிற நேரமாய்ப் பாத்து, அண்டைக்குக் குடுத்தது என்ரை மீன்தான் எண்டு சொல்லும். பிறகு என்ரை மகள் உம்மடை மீனைப் பாப்பாள்."

எப்போதும் 'நீங்கள்' என்று கதைக்கும் அம்மா, சம ஆளைப்போல அவரை 'நீர்' என்று கூப்பிட்டது அதுதான் முதல்தரம். மீனையும் நஞ்சையும்விட அந்தச் சொல்தான் அவருக்குச் சுட்டிருக்கும். எழுந்தார். மீன்காரிகளுக்கு முன்னால் போய் நின்று கதைக்கிற நிலைமை தனக்கு வரவில்லை என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்து போனார். அம்மா அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வரமாட்டான். வந்திருந்தால் விட்டிருப்பன்" என்றார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நான் விட்டிருக்கமாட்டேன்.

அவர் வரவில்லை. நானும் அவருடைய மீனைத் தொடவில்லை. பூட்டுத் திறந்த பிறகும் அவருடைய மீன் என்றால் வாங்குபவர்கள் யோசித்தார்கள். வேறொருவர் புதிய வாடி கட்டி, தோணிகளுக்கே ஐஸ் கொடுத்து அனுப்பத் தொடங்கினார். சம்மாட்டியாரின் தோணிகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. கோயிலில் அவர் முதல் வாங்கை விடவில்லை. அம்மா தன் இடத்தை மாற்றி அவருக்கு நேர் பின்னால் வந்து முழந்தாளிட்டார்.

தோணியிலேயே ஐஸ் கொண்டுபோகும் பழக்கம் உன் ஆராய்ச்சியால்தான் வந்தது, எத்தனை பேரை நஞ்சிலிருந்து காப்பாற்றியிருக்கிறாய் என்று பிற்காலத்தில் சொன்னவர்கள் உண்டு. துறைத் தலைவர் ஒரு கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்திப் பாராட்டினார். நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் ஊருக்கு நன்மை செய்யவேண்டும் என்று நான் அந்தக் கறுப்புத் துணிக்குள் போய் இருக்கவில்லை. ஒரு மனிதனை விழுத்தவேண்டும் என்று போயிருந்தேன். முள் உண்மையைச் சொன்னது. அது என் அதிர்ஷ்டம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சம்மாட்டியாருக்குப் பாரிசவாதம் வந்தது. சில மாதங்கள் கிடந்து செத்தார். கோயில் மணி அடித்தபோது நான் போகவில்லை. எனக்கு விருப்பமில்லை. அம்மா பெட்டியைத் திறந்து, பெருநாளுக்குக் கட்டும் சீலையை எடுத்துக் கட்டி, தலை வாரி, செத்த வீட்டுக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. ஏதும் சண்டை பிடித்துவிட்டாரோ என்று நான் படலைக்கும் வீட்டுக்குமாக நடந்தேன்.

பின்னேரம் அம்மா அவசரமில்லாமல் வந்தார். சீலையைக் களைந்து மடித்தார். என்ன நடந்தது என்று கேட்டேன்.

"ஒண்டும் நடக்கேல்லை. தலைமாட்டில இருந்து முகத்தைப் பாத்துக்கொண்டிருந்தனான். தூக்கிக்கொண்டு போனாப்பிறகுதான் எழும்பினனான்."

"செபம் சொன்னியளோ?"

"மற்ற ஆக்கள் சொன்னவை" என்றார் அம்மா. பிறகு கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.